ஜட்ஜ் அம்மாவின் நாற்காலி

7.1.97 செவ்வாய்

பனி. மந்தைவெளி முழுக்கத் தும்மல்.

சொல்ல வெட்கம். என் எஸ்.டி.டி. பூத்தில் போன் பேசுகிறவர்களை ஒட்டுக் கேட்பேன், அது பழக்கம். இப்போது புரியாத பாஷையையும் கேட்கிறேன். மாடி வீட்டு நசீமா அம்மா காபூலுக்குப் பேச வந்தால் ரேடியோவை அணைத்துவிடுகிறேன்.

அங்கே ஜட்ஜாக இருந்தவர். உள்நாட்டுச் சண்டையில் வீடு இடிந்து, மகள் லைலாவோடு இங்கே வந்தவர். இப்போது அங்கே புது ஆட்சி. எப்போது வேலையில் சேரலாம் என்று கோர்ட்டைக் கேட்க வேண்டும். லைன் கிடைக்கவில்லை.

"இன்னாம்மா, உங்க ஊர்ல போனுக்கும் லீவா?" என்றேன். சிரித்தார்.

வாங்க: பில் ரோல், எலி மருந்து.

9.1.97 வியாழன்

லைன் கிடைத்தது. பேசியவர் முகம் சுண்டிவிட்டது. லைலாதான் தமிழில் சொன்னாள். இனி பெண்கள் ஜட்ஜாக இருக்கக் கூடாதாம். கோர்ட் வாசலுக்கே வரக் கூடாதாம். போனை எடுத்தவன் இவரிடம் குமாஸ்தாவாக இருந்தவன். இவர் நாற்காலியில் இப்போது அவன். சட்டப் படிப்பு? கிடையாது. ஆம்பிளை, போதும். "சகோதரி, வீட்டில் ஓய்வெடுங்கள்" என்றானாம். சகோதரியாம்!

அடுத்துப் பேச நின்ற ரிட்டயர்டு மாமா: "பொம்மனாட்டிக்கு எதுக்கு இந்தச் சிரமம்? ஆத்துல நிம்மதியா இருக்கலாமே."

"நீங்களும் ரிட்டயர்டுதானே மாமா? நாளைலேர்ந்து அடுப்பாண்ட நில்லுங்க. நிம்மதியா கீதா இல்லியான்னு மாமிகிட்ட சொல்லுங்க."

சிரித்துக்கொண்டேதான் சொன்னேன்.

10.1.97 வெள்ளி

தூக்கமே இல்லை. சண்டை போட்டது ஆம்பிளைகள். ஊரை இடித்தது ஆம்பிளைகள். வேலை போனது மட்டும் இவருக்கு. எந்த ஊர் நியாயம்? கட்டையில் போகிறவர்கள்.

நசீமா அம்மா திரும்ப வந்தார். அழுகை இல்லை. காரணத்தை எழுத்தில் கொடு என்று கேட்கப் போகிறாராம். என்னிடம் தனக்குத் தெரிந்த தமிழிலேயே சொன்னார்: "காரணம் எழுதாம நான் ஒரு தீர்ப்பும் சொன்னது இல்லே."

கேட்டார். அந்தக் குமாஸ்தா போனை வைத்துவிட்டான். மறுபடி. மறுபடி வைத்தான். எழுந்து மாடிக்குப் போய்விட்டார். படியில் செருப்புச் சத்தம்கூட இல்லை.

பொறுக்கவில்லை. பில்லைப் பார்த்து அவசர அவசரமாக நானே காபூல் நம்பரை அழுத்தினேன். ஆம்பிளைக் குரல். எனக்குத் தெரிந்த அத்தனையும் தமிழிலேயே திட்டினேன். எழுந்திருடா அந்த நாற்காலியை விட்டு என்றேன். மூச்சு வாங்க நிறுத்தினேன்.

"அம்மா, இது வேலூர் கோழிப் பண்ணைங்க. எவ்ளோ முட்டை வேணும்?"

இரண்டு அட்டை சொல்லிவிட்டு வைத்தேன்.