உஸ்வாவுக்காக வெட்டிய குழி

சவோன்லின்னா,
அக்டோபர், புதன்கிழமை

அன்புள்ள வில்யாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம், நலம் என்றால் எங்கள் வயதுக்கு உள்ள நலம், அவருக்கு முழங்கால் தொல்லை, எனக்கு அவர் தொல்லை. நீ பெர்த் வெயிலில் வாடாமல் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும். போனை எடுத்துப் பேசாமல் இவள் எதற்குத் தபாலில் எழுதுகிறாள் என்று நினைப்பாய், சொல்கிறேன், முதலில் உட்கார்ந்துகொள்.

புல்லா போய்விட்டது, கண்ணு. உஸ்வா இல்லை, புல்லாதான். எழுதக் கை வரவில்லை. நீ பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ஒரே அட்டைப்பெட்டியில் அண்ணன் தங்கையாய்க் கொண்டுவந்த பூனைக்குட்டிகள், அதில் சிறுநீரகம் கெட்டு எலும்பும் தோலுமாய்க் கிடப்பது உஸ்வா, இந்தப் பனிக்காலத்தைத் தாண்டாது என்று கால்நடை மருத்துவர் ஊல்லா சொன்னதும் உஸ்வாவைத்தான், நீ கிறிஸ்துமஸுக்கு டிக்கெட் எடுத்துவிட்டு, நான் வர்ற வரைக்கும் அதை எப்படியாவது பார்த்துக்கம்மா என்று அழுததும் உஸ்வாவுக்காகத்தான். அதனால்தான் அப்பா மாதத் தொடக்கத்திலேயே மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு நம் ஏரிக்கரைக் கோடை வீட்டுக்குக் கிளம்பினார். மண்ணு உறைஞ்சுட்டா கடப்பாரைகூட இறங்காது, அப்புறம் வசந்தம் வரைக்கும் அதை எங்க வெச்சுக்கறது என்று கேட்டார். இங்கே எல்லோரும் செய்வதுதான், ஆனாலும் என் மடியில் அது உயிரோடு படுத்திருக்கும்போது அதற்குக் குழி வெட்டப் போகிற மனிதரை என்னவென்று சொல்ல, உங்களுக்கு நெஞ்சுன்னு ஒண்ணு இருக்கா என்று கேட்டேன். அவர் பாட்டுக்கு பூட்ஸை மாட்டிக்கொண்டார். பக்கத்து வீட்டு ஒஸ்மோதான், என் நாய்க்கு நான் வெட்டின குழியை அதே நாய் ரெண்டு வருஷம் மோந்து பார்த்துட்டுத் திரிஞ்சுது, உங்க பூனையும் உங்களை ஏமாத்தும் பாருங்க என்று தேற்றினார். நாங்களும் சிரித்தோம். அப்பா குழியின் மேல் பலகை போட்டு வைக்கோல் பரப்பிவிட்டு வந்தார்.

சனிக்கிழமை எப்போதும்போல் சவுனாவில் நீராவிக் குளியல் போட்டோம். நாங்கள் வெளியே வந்து சூடு தணிந்ததும் இரண்டும் உள்ளே போய்ப் பலகையில் நீட்டிப் படுத்துக்கொள்ளும், உனக்குத் தெரியுமே. உஸ்வாவால் இப்போது ஏற முடியாது, அப்பா தூக்கிக் கீழ்ப்பலகையில் வைப்பார், புல்லா உடனே வந்து முதுகோடு முதுகாக ஒட்டிக்கொள்ளும். அன்று மதியம்கூட அந்தத் தின்னி அப்பாவின் தட்டிலிருந்து வறுத்த மீனைத் திருடித் தின்றுவிட்டு, திருட்டுப் பயலே என்று அவரிடம் ஆசையாய்த் திட்டு வாங்கியது. காபி குடித்துவிட்டு இரண்டையும் கூட்டிவரப் போனவர் திரும்பி வரவில்லை. போய்ப் பார்த்தால் தலையில் துண்டோடு தரையில் உட்கார்ந்திருக்கிறார், உஸ்வா புல்லாவின் காதை நக்கிக்கொண்டிருக்கிறது. தூங்குதுன்னு நெனச்சுத் தட்டித் தட்டி எழுப்பினேன் என்று மட்டும் சொன்னார். இதயம்தான் நின்னிருக்கும், வலி தெரிஞ்சிருக்காது என்றாள் ஊல்லா. மறுநாள் உஸ்வாவுக்கு வெட்டிய குழியில் புல்லாவை வைத்தோம். உன் பழைய சிவப்புக் கம்பளிச் சட்டையில் சுற்றினேன், கேட்காமல் எடுத்துவிட்டேன் என்று கோபித்துக்கொள்ளாதே. அப்பா அதை நடுவில் கிடத்தாமல் ஒரு ஓரமாய்க் கிடத்தினார். பக்கத்தில் விட்ட இடத்தை வைக்கோலால் மூடினார்.

அன்றிலிருந்து உஸ்வா சவுனா கதவைவிட்டு நகர மாட்டேன் என்கிறது. திறந்துவிட்டால் உள்ளே போய் மோந்துவிட்டு வந்து என் முகத்தைப் பார்க்கிறது. நீ சொன்னபடி தினமும் ஊசி குத்தித் தோலுக்கடியில் மருந்து நீர் ஏற்றிக்கொண்டுதான் இருந்தேன். முன்பெல்லாம் சீறும், கையைக் கீறும், இப்போது அசையாமல் கிடக்கிறது, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. சாப்பாட்டைத் திரும்பியும் பார்ப்பதில்லை. கிறிஸ்துமஸ் வரைக்கும் இழுக்க முடியுமா என்று ஊல்லாவிடம் கேட்டேன். இழுக்கலாம், ஆனா யாருக்காக என்று அவள் திருப்பிக் கேட்டாள். உன் பெயர் வாய்வரை வந்தது, விழுங்கிவிட்டேன். வெள்ளிக்கிழமை அவள் கடைசி ஊசியோடு நம் வீட்டுக்கே வருகிறாள். என் மடியில்தான் வைத்திருப்பேன். போனில் சொல்லியிருந்தால், இரும்மா, கொஞ்சம் பொறுத்துக்கோம்மா என்று நீ கெஞ்சுவாய், உன் குரலைக் கேட்டால் நான் இளகிவிடுவேன், அந்த வாயில்லா ஜீவன் இன்னும் இரண்டு மாதம் வதைபடும். அதனால்தான் தபாலில் எழுதுகிறேன். நீ இதைப் படிக்கும்போது எல்லாம் முடிந்திருக்கும், வில்யா.

நேற்று அப்பா ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டே, பூனை ரெண்டும் இல்லேன்னா அவ வருவாளா என்று கேட்டார். பேச்சைப் பாரு, வராம எங்க போயிடுவா என்று அதட்டினேன். அதட்டிவிட்டுச் சமையலறையில் போய் நின்றுகொண்டு நானும் அதையேதான் நினைத்தேன். மூன்று வருடம் கழித்து நீ டிக்கெட் எடுத்தது உஸ்வாவைப் பார்க்கத்தானே. உனக்குக் கோபம் வரும், வரட்டும், கூப்பிட்டு என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. டிக்கெட்டை மட்டும் ரத்து செய்துவிடாதே. எங்களையும் ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போ.

கடவுள் உன் பக்கத்திலேயே இருந்து உன்னைக் காக்கட்டும், உன் மனம் எங்கள்மேல் கசக்காமல் இருக்கட்டும். வரும்போது தடித்த கோட்டை மறக்காதே, அங்கே வாங்கும் மெல்லிசுத் துணி இங்கே எதற்கும் ஆகாது.

உன் அம்மா
மார்யுக்கா

(அப்பாவும். எழுதச் சொன்னால் நீயே எழுது என்கிறார்.)