சோமனூரில் நான் கேட்காத வரி

பல் டாக்டர் கிராம்பு எண்ணெயில் நனைத்த பஞ்சைக் கடைவாயில் அழுத்தி வைத்து, "அரை மணி நேரம் பேசக் கூடாதுங்க" என்றார். பேசிப் பிழைக்கிறவனிடம் சொல்கிற பேச்சா இது என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் வாசனை மூக்கில் ஏறிவிட்டது. மேடைக்குப் போகும் முன், அம்மணி, நீங்கள் கன்னத்தில் ஒதுக்கிக்கொள்ளும் இரண்டு கிராம்புகளின் வாசனை. நீங்கள் பேசி முடித்த பிறகு மைக்கிலும் அது ஒட்டியிருக்கும். அடுத்து ஏறுகிறவன் உங்கள் கிராம்பை முகர்ந்துகொண்டுதான் வணக்கம் சொல்ல வேண்டும்.

பேசத்தானே கூடாது, எழுதலாமே என்று வீட்டுக்கு வந்ததும் உட்கார்ந்துவிட்டேன். போன கார்த்திகையில் நீங்கள் இறந்தீர்கள். நான் துக்கத்துக்கு வரவில்லை. வராததற்கு என்னிடம் ஒரு காரணம் இருந்தது. அந்தக் காரணம் பொய் என்று தையில் தெரிந்தது. உங்களிடம் ஒன்றை ஒப்புக்கொள்ளவும், இன்னொன்றை ஒப்புக்கொள்ள முடியாது என்று சொல்லவும் இதை எழுதுகிறேன்.

உங்களை முதலில் பார்த்தபோது எனக்கு நாற்பத்தெட்டு வயது. நெருப்பெரிச்சலில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்தேன். அன்று ஆயுத பூஜை. மெஷின்களுக்கெல்லாம் சந்தனம் வைத்து, பொரி கொடுத்து முடித்து, கட்டிங் டேபிள்களைச் சேர்த்துப் போட்டு மேடையாக்கியிருந்தார்கள். வழக்கமாகப் பாட்டுக் கச்சேரி வைப்பார்கள். அந்த வருடம் நீங்கள் ஒற்றை ஆளாக ஏறி நின்றீர்கள். பின்னால் யாராவது வருவார்களா என்று எல்லோரும் எட்டிப் பார்த்தோம்.

"என்னங்க தேடறீங்க? ஒரே பீஸ்தானுங்க. செக்கிங்ல பாஸாகித்தான் வந்திருக்கேன்."

அங்கே தொடங்கிய சிரிப்பு நாற்பது நிமிடம் ஓயவில்லை. நானும் சிரித்தேன். ஆனால் நான் பார்த்தது வேறு. இருபது வருடமாக நான் துணி வெட்டிய டேபிளின் மேல் நின்று, ஒருவர் தன் பேச்சை ஓர் அங்குலம் வீணாகாமல் வெட்டிக்கொண்டிருந்தார். இது என் வேலை என்று அன்றே எனக்குத் தெரிந்துவிட்டது.

நான் யாரிடமும் போய்க் கற்றுக்கொள்ளவில்லை. உங்களிடமும் கற்றுக்கொள்ளவில்லை, நீங்கள் என்னைவிட நான்கு வயது சிறியவர். டீ டைமில் டெய்லர்களிடம் சொல்லிப் பார்ப்பேன். சிரித்ததை வைத்துக்கொள்வேன். சிரிக்காததை மறுநாள் வேறு மாதிரி சொல்வேன். இரண்டு வருடத்தில் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு மைக்கைப் பிடித்தேன். காதுகுத்து, கல்யாணம், கோயில் விசேஷம் என்று எதையும் விடவில்லை. சில மேடைகளில் நாம் இரண்டு பேரும் சேர்ந்தே இருந்தோம். இதற்கு இப்போது ஸ்டாண்ட்அப் என்று பேர் வைத்திருக்கிறார்களாம் என்று ஒருமுறை நான் சொன்னபோது, "நாம என்ன இத்தனை நாளா படுத்துக்கிட்டா பேசினோமுங்க?" என்றீர்கள். இன்னொரு முறை, கேட்காமலே எனக்கு ஒரு விமர்சனம் கொடுத்தீர்கள்.

"மாஸ்டர், உங்க ஜோக்கெல்லாம் நல்லா இருக்குதுங்க. நீங்கதான் அதுக்கு முன்னால நின்னு மறைச்சுக்கறீங்க."

நான் அதைப் பொறாமை என்று எடுத்துக்கொண்டேன்.

அப்புறம் அந்தச் சோமனூர். மூன்று வருடம் முன்பு, தைப்பூசம். முருகன் கோயிலுக்கு முன்னால் மேடை. எதிரே தறி ஓட்டுகிற குடும்பங்கள் பாய் விரித்து உட்கார்ந்திருந்தன. முதலில் நான், பிறகு நீங்கள். அந்த ஊருக்கென்றே ஒரு ஜோக் செய்து கொண்டுபோயிருந்தேன்.

"நானும் என் சம்சாரமும் முப்பது வருசத்துல ஒரு சண்டை போட்டதில்லீங்க. ஊட்டுக்குள்ளயே நாலு தறி. அந்தச் சத்தத்துல அவ என்ன சொன்னாலும் நான் தலையாட்டிருவேன். ஒரு நாள் கரண்ட் போச்சு. அன்னைக்குத்தானுங்க தெரிஞ்சுது, முப்பது வருசமா நான் எதுக்கெல்லாம் தலையாட்டியிருக்கேன்னு!"

ஒருவரும் சிரிக்கவில்லை. இருபத்தைந்து நிமிடம் பேசினேன். கல்யாணத்தில் போட்டோவுக்கு நிற்கிறவர்களைப் போல என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. "ஏனுங்க, இந்த ஊர்ல சிரிக்கறதுக்கும் ஆர்டர் வரோணுமுங்களா?" என்று கேட்டேன். அதற்கும் சிரிப்பில்லை. இறங்கிவிட்டேன்.

நீங்கள் ஏறினீர்கள். நான் மேடைக்குப் பின்னால் நின்றிருந்தேன். உங்கள் முதுகும் கொண்டையும்தான் எனக்குத் தெரிந்தன. மைக்கைக் கையில் எடுக்கவே இல்லை. ஸ்டாண்டை நெஞ்சளவுக்கு இறக்கினீர்கள். "அந்த லைட்டை எம் மூஞ்சிக்குத் திருப்பு கண்ணு" என்றீர்கள். அடுத்து என் காதில் விழுந்தது என் ஜோக். நாலு தறி, தலையாட்டும் புருசன், போன கரண்ட், எல்லாம் என்னுடையது. சனம் பாயிலேயே உருண்டது. அப்புறம் ஒரு கணம் உங்கள் குரல் நின்றது. கையை மட்டும் பின்னால் என் பக்கம் நீட்டினீர்கள். கூட்டம் என்னைப் பார்த்துக் கைதட்டியது. தோற்றவனைக் காட்டிக் கேலி செய்கிறீர்கள் என்று எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

நீங்கள் இறங்கியதும் வழிமறித்தேன்.

"அது எம்பட ஜோக்குங்க அம்மணி. எங்கண்ணு முன்னாலயே எடுத்துச் சொல்றீங்க!"

"ஆமாங்க, உங்களுதுதான். நல்ல ஜோக்கு. அவிங்களுக்குப் போய்ச் சேரலீங்க, அதான் கொண்டுபோய்க் குடுத்தேன்."

"யாரைக் கேட்டுக் குடுத்தீங்க?"

"மாஸ்டர், கத்தாதீங்க. சொல்ல வேண்டியதை அங்கயே சொல்லிட்டேன். முன்னால உக்காந்திருந்தவிங்ககிட்டப் போய்க் கேளுங்க."

"நான் யாருகிட்டயும் போய்க் கேக்கற ஆளு இல்லீங்க" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

மறுநாள் திருப்பூரில் மைக் செட் கடையில் ஒரு வரி சொன்னேன். விசேஷம் வைக்கிறவர்கள் எல்லாம் வந்துபோகிற இடம் அது. "அந்தம்மா ஜோக்குத் திருடும்." அவ்வளவுதான் சொன்னேன். அது நெருப்பெரிச்சல் கம்பெனிக்கும் போனது. பல வருடமாக ஆயுத பூஜைக்கு உங்களைக் கூப்பிட்டவர்கள் அந்த வருடம் என்னைக் கூப்பிட்டார்கள். அடுத்த வருடமும் கூப்பிட்டார்கள். புதுச் சட்டை போட்டுக்கொண்டு போனேன்.

நீங்கள் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. ஒருமுறை அவிநாசி பஸ்ஸில் முன்வாசல் சீட்டில் உட்கார்ந்திருந்தீர்கள். "வாங்க மாஸ்டர், உக்காருங்க" என்று நகர்ந்தீர்கள். நான் பின்னால் போய் நின்றுகொண்டேன். என் நிறுத்தம் வந்தது. பின்வாசலை மறித்து மூட்டைகள். உங்களைத் தாண்டித்தான் இறங்க வேண்டும். இறங்கவில்லை. அவிநாசி வரை போய், நீங்கள் இறங்கிய பிறகு இறங்கி, திரும்ப ஒரு பஸ் பிடித்து வந்தேன். நீங்கள் அதைப் பார்த்திருப்பீர்கள். சிரித்தும் இருப்பீர்கள்.

நீங்கள் போன பிறகு, இந்தத் தைக்குச் சோமனூரில் உங்கள் இடத்துக்கு என்னைக் கூப்பிட்டார்கள். மேடைக்கு நேரம் இருந்ததால், விழா கமிட்டிக்காரர் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனார். உள்ளே தறி ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் நான் அவர் காதுக்குள் கத்தினேன். அவரோ தறியின் அந்தப் பக்கம் நின்ற மனைவியிடம் குரலே இல்லாமல் உதட்டை மட்டும் அசைத்தார். அந்தம்மா பதிலுக்கு உதட்டை அசைத்தார். இரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்கு ஒரு டம்ளர் காப்பி வந்தது.

தறியை நிறுத்திய பிறகு அந்தம்மா, தெருவுக்கே கேட்கிற குரலில் பேசினார். அந்த ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் பேசுகிறார்கள்.

"தறிச் சத்தத்துல எங்களுக்குக் காது மந்தமுங்க. வாயைப் பாத்தாத்தான் பேச்சு வெளங்கும். நீங்க அன்னைக்கு மைக்கை வாய்மேல வெச்சு அடைச்சுட்டீங்க. பாட்டுப் பாடறீங்களாக்கும்னு நெனச்சோம்!"

இருபத்தைந்து நிமிடம் நான் அவர்களுக்கு மைக்கின் பின்பக்கத்தைக் காட்டியிருக்கிறேன். அதுவும் காது கேட்காததைப் பற்றிய ஜோக்கை வைத்துக்கொண்டு.

"கரண்ட் போன ஜோக்கு உங்களுதுதானுங்களே?" என்று அடுத்துக் கேட்டார்.

"யாரு சொன்னாங்க?"

"அந்தக்காதான். சொல்லி முடிச்சுப்போட்டு, எங்களுக்கு மட்டும் வெளங்கற மாதிரி வாயை அசைச்சாங்க. இது பின்னால நிக்கற மாஸ்டர் ஜோக்கு, அவருக்குத் தட்டுங்கன்னு. அதானுங்க அப்படித் தட்டினோம். கடைசி வரியை எங்களுக்குச் சத்தமில்லாமத்தான் சொல்லுவாங்க. அது எங்கூருக்குன்னே வெச்சிருந்தாங்க."

அந்த மைதானத்தில் அன்று அந்த வரி ஒரே ஒருவனுக்குத்தான் கேட்கவில்லை.

இதை ஒப்புக்கொள்கிறேன்: நீங்கள் திருடவில்லை. ஊர் முன்னால் என் பெயரைச் சொல்லித்தான் என் ஜோக்கைச் சேர்த்தீர்கள். நான் உங்களுக்குத் திருடி என்று பெயர் வாங்கிக் கொடுத்தேன், உங்கள் மேடையையும் எடுத்துக்கொண்டேன். ஒப்புக்கொள்ளாதது இது: கேட்காமல் எடுத்தீர்கள். கேட்டிருந்தால் கொடுத்திருக்க மாட்டேன் என்பது வேறு விஷயம். நீங்கள் வாய் திறக்காமல் இருந்ததைப் பெருந்தன்மை என்றும் சொல்ல மாட்டேன். பஸ்ஸில் பத்துப் பேர் முன்னால் என்னை ஒரு பிடி பிடித்திருக்கலாம். நான் பதிலுக்குக் கத்தியிருப்பேன். கத்தி முடித்த பிறகாவது சோமனூருக்குப் போய்க் கேட்டிருப்பேன். என் பிடிவாதத்தை அவ்வளவு தூரம் மதித்து ஒதுங்கியிருக்க வேண்டியதில்லை.

சோமனூரில் அன்று மாலையே மேடையில் உண்மையைச் சொல்லப் பார்த்தேன். மைக்கை இறக்கி, முகத்துக்கு லைட் வாங்கி, "அவங்க என் ஜோக்கைத் திருடலீங்க" என்றேன். எல்லோரும் விழித்தார்கள். யார் திருடியதாகச் சொன்னார்கள் என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டார்கள். அந்த ஊருக்கு மட்டும் என் பொய் போயே சேரவில்லை. எங்கே சொன்னேனோ அங்கேதான் திரும்பச் சொல்ல வேண்டும்.

மைக் செட் கடையில் சொன்னேன். "போனவங்களைப் பத்தி இப்ப எதுக்குங்க மாஸ்டர்? விடுங்க" என்றார்கள். நான் விடுகிற ஆள் இல்லை என்று அவர்களுக்குத் தெரியும். நெருப்பெரிச்சல் கம்பெனிக்குப் போனேன். எச்.ஆர். பொண்ணு இந்த வருட ஆயுத பூஜைக்கும் நான்தான் என்றது.

"ஜாலியா இருக்கணும் சார்."

"முதல் அஞ்சு நிமிசம் ஜாலியா இருக்காதுங்க."

"பரவால்ல சார், அப்புறம் பிக்கப் ஆயிரும்."

போன வாரம் அந்த மேடையில் ஏறினேன். அதே கட்டிங் டேபிள்கள். "இது எனக்குச் சேர வேண்டிய மேடை இல்லீங்க. இதுல பல வருசம் பேசினவங்களைத் திருடின்னு சொன்னது நான். அது பொய்யுங்க" என்றேன்.

சிரித்தார்கள்.

"மாஸ்டரு ஆரம்பிச்சுட்டாருடோய்!" என்று பின்னாலிருந்து ஒரு டெய்லர் கத்தினான். தமிழ் தெரியாத வடக்கத்திப் பையன்கள், மற்றவர்கள் சிரிப்பதைப் பார்த்து ஒரு நொடி தாமதமாகச் சிரித்தார்கள். அதையே இரண்டாவது முறை சொன்னேன். இன்னும் அதிகமாகச் சிரித்தார்கள். திரும்பத் திரும்பச் சொல்வதுதான் ஜோக் என்று நினைத்துக்கொண்டார்கள். என் முகத்துக்கு அந்த ராசி. எதைச் சொன்னாலும் அடுத்து ஒன்று வரும் என்று காத்திருப்பார்கள்.

மூன்றாவது முறை உங்கள் பெயரைச் சொன்னேன். கிட்டத்தட்ட மூன்று வருடத்துக்குப் பிறகு என் வாயிலிருந்து வந்த உங்கள் பெயர். முதலில் செக்கிங் பெண்கள் சிரிப்பை நிறுத்தினார்கள். அவர்களுக்கு உங்களை நினைவிருந்தது. அடுத்து ஓவர்லாக் மெஷின்காரர்களின் வரிசை நிறுத்தியது. கடைசியாக வடக்கத்திப் பையன்கள், என்ன ஆயிற்று என்று சுற்றிப் பார்த்துவிட்டு நிறுத்தினார்கள். இத்தனை வருடமாக, சிரிப்பு எப்போது வரும் என்றுதான் மேடையில் காத்து நின்றிருக்கிறேன். எப்போது ஓயும் என்று காத்து நின்றது அன்றைக்குத்தான்.

ஓய்ந்தது. ஒரு ஃபேன் சத்தம்கூடப் பெரிதாகக் கேட்டது.

அப்புறம் முப்பத்தைந்து நிமிடம் பேசினேன். நன்றாகச் சிரித்தார்கள், அதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இருக்கவில்லை. ஆனால் டேபிளை விட்டு இறங்கும்போது அந்த அமைதியும் கூடவே வந்துவிட்டது. அதைத்தான் சுமந்துகொண்டிருக்கிறேன். யார் சொன்னாலும் இறக்கி வைப்பதாக இல்லை.