நட்டுக்கு அடியில் வைத்த சந்தனம்

அண்ணாச்சி,

இன்று ராயகிரியில் அந்த நட்டைக் கழற்றியதும் சந்தன வாசம் வந்தது. உங்கள் நினைவும் வந்தது. கண் கலங்கவில்லை. காய்ந்து செதிலாகிப்போன சந்தனத்தைச் சுரண்டிக்கொண்டே உங்களைத் திட்டினேன். மிச்சத்தை எழுதிவிடலாம் என்று, பிள்ளை தூங்கிய பிறகு உட்கார்ந்திருக்கிறேன்.

ஆயுத பூஜைக்கு எல்லோரும் வண்டிக்கு வெளியேதான் பொட்டு வைப்பார்கள். நீங்களோ நாம் தோட்டம் தோட்டமாகக் கொண்டுபோய் மண் வரைபடம் எடுக்கும் கருவியில், ஒயரை இரும்புத் தட்டோடு பூட்டும் நட்டுகளைக் கழற்றி உள்ளே சந்தனம் அப்பினீர்கள். "நரம்பு ஓடுத எடத்துலல்லா பொட்டு வைக்கணும்" என்று எங்களுக்கு விளக்கம் வேறு. மண்ணில் உருளும் அந்தத் தட்டுகள் வழியாகத்தான் மின்சாரம் மண்ணுக்குள் போய்வர வேண்டும். சந்தனம் ஈரமாக இருந்தவரை போனது. காய்ந்த பிறகு? அந்தக் கவலையெல்லாம் உங்களுக்கு ஏது?

மல்டிமீட்டரின் ஒரு முனையைத் தட்டிலும் மறுமுனையை ஒயர் நுனியிலும் வைத்து, 'பீப்' கேட்கிறதா என்று பார்க்க நான் குனிந்தாலே டிராக்டர்காரர் முன்னால் சிரிப்பீர்கள்.

"ஏட்டி, புள்ளைக்குக் காய்ச்சல் பாக்குத மாரி இரும்புக்குமா பாப்பே? தெரையில நம்பர் வருதுல்லா, ஏறு."

"நம்பர் எப்பவும் வரும் அண்ணாச்சி. அது சரிதானான்னு..."

"ஐந்தருவிக்கு வாரவன் தண்ணியச் சோதிச்சுட்டா குளிக்கான்?"

நான் பயந்தவள்தான். தூங்கும் பிள்ளையின் மூக்கருகே விரல் வைத்துப் பார்ப்பவள். சோம்பேறித்தனத்துக்குத் துணிச்சல் என்று பெயர் வைத்துக்கொண்டவருக்கு அது கேலியாகத்தான் இருக்கும்.

ராயகிரியில் அந்த எலுமிச்சைத் தோட்டத்தை முதலில் அளந்த அன்று நடுவரப்பில் வண்டி ஏறி இறங்கிக் குலுங்கியது. அதுவரை பச்சையாக வந்த வரைபடம் அங்கிருந்து சிவந்தது, ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி. எந்த மண் அப்படி மாறும்? "மேக்கால பூராவும் செத்த மண்ணு. மரத்தப் புடுங்கிட்டு வேற வழியப் பாருங்க" என்று தோட்டத்துக்கார அக்காவிடம் சொல்லிவிட்டு, போட்டோவும் எடுத்துக்கொண்டீர்கள். மறுபடி அளப்போம் என்றேன். வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைப் பார்க்கச் சொன்னீர்கள்.

பிறகு மாரடைப்பு உங்களைக் கொண்டுபோனது. "மண்ணோட மனசு தெரிஞ்ச மனுசன்" என்று சாவு வீட்டில் அழுதார்கள். எனக்கு எரிச்சல்தான் வந்தது.

அந்த அக்காவை விடாமல் கெஞ்சி, இன்று மறுபடி அளக்கச் சம்மதம் வாங்கினேன். போவதற்குள் ஜேசிபி மேற்கே இரண்டு வரிசையைப் பிடுங்கிப் போட்டிருந்தது. ஓடிப்போய் நிறுத்தினேன். மீட்டரை வைத்தால் கடைசித் தட்டில் சத்தமே இல்லை. நட்டைக் கழற்றி, சுரண்டித் துடைத்து, பூட்டி, மறுபடி வைத்தேன். கத்தியது. வண்டியை ஓட்டினோம். கிழக்கும் மேற்கும் ஒரே பச்சை.

அக்கா திரையைப் பார்த்தார். வேர் தெரியக் கிடந்த மரங்களைப் பார்த்தார்.

"அப்பம் இதுவளும் நல்ல மண்ணுலதான் நின்னுச்சா?"

"ஆமாக்கா."

"அண்ணாச்சி அடிச்சுச் சொன்னாவளே."

பதில் சொல்ல நீங்கள் இல்லை. நான்தான் நின்றேன். அவர் என்னைத் திட்டியிருக்கலாம். விழுந்து கிடந்த கிளைகளிலிருந்து காய்களைப் பறித்து, என் பையில் போட ஆரம்பித்தார்.

"வேண்டாங்கா."

"கொண்டு போ. இனி இதுல காய்க்கவா போவுது?"

பை நிறைய எலுமிச்சை இப்போது என் அடுப்படியில் இருக்கிறது. அழுகுவதற்குள் ஊறுகாய் போட வேண்டும். உங்களிடமிருந்து எனக்கு மிஞ்சியது அவ்வளவுதான், அண்ணாச்சி.