எயினியின் வயலும் மண்ணின் கருமையும்

மழை மாறா மலையும் மடை வற்றா ஏரியும் உடைய நீர்மங்கலம் ஆளும் தேவி, குடிகளின் அடுப்பெரிந்தால் தம் விளக்கெரிந்ததாக மகிழும் நன்முல்லையாரின் திருவாய்மொழிப்படி, அமைச்சர் விடங்கனார் வரைந்த ஓலை. கீழ்க்கரை நாட்டுத் தலைவர் கோடன் வேளார் காண்க. உம் குலமும் கொடியும் வாழ்க. உம் குதிரைகளும் வாழ்க, இவ்வோலை அவற்றைப் பற்றியும் பேச இருக்கிறது.

நெற்பயிருக்கு உரமாகத் தேவியார் வெடியுப்பு அளித்தார்; களம் நிறைந்தது. அது கண்ட நீர், இனி வயலுக்கு எருவும் தழையும் எதற்கென்று, வைக்கோல் முழுவதும் உம் குதிரைக் கொட்டடிக்கு வரவேண்டுமென விதித்தீர். எயினி என்னும் உழத்தி மட்டும் ஆண்டுதோறும் உப்பையும் இட்டு, தன் வைக்கோலையும் குழியில் மட்கவைத்து உழுதுவந்தாள். இவ்வாண்டு அது தெரிந்து, கட்டளை மீறினாளென்று அவள் வயலைப் பறித்தீர். நாற்றங்காலில் நாற்று முற்றிக்கொண்டிருக்க, நட நிலமின்றி அவள் தேவியாரின் அரண்மனை வாயிலில் முறையிட்டு நின்றாள்.

தேவியார் ஏவ, நிலம் பார்த்து ஆயும் அலுவலர் அழிசியார் கீழ்க்கரைக்கு வந்தார். உப்பின் வலிமையை நேரில் கண்டவர் ஆதலால், வழியெல்லாம் அவர் மனம் உம் பக்கமே சாய்ந்திருந்தது. உம் வயலில் கால் வைத்ததும் அது தடுமாறியது. மண் வெளிறி, வெடித்து, பாய்ச்சிய நீரைப் பிடித்துவைக்க மாட்டாமல் கிடந்தது. எயினியின் மண்ணோ கரியது, கைக்குள் பிசைந்தால் பிடித்த பிடியில் நின்றது.

“உப்பையும் வாங்கிக்கொண்டாய், வைக்கோலையும் வைத்துக்கொண்டாய். இதென்னம்மா பேராசை?” என்று அவர் கேட்க, “ஐயா, உப்பு பயிருக்குப் போட்ட சோறு. மண்ணுக்கு யார் போடுவது? முதல் வருசம் மட்காத வைக்கோலை அப்படியே உழுதுவிட்டேன்; நாற்று மஞ்சளாகி ஊரே சிரித்தது. அப்புறந்தான் மட்கவைக்கப் பழகினேன்” என்றாள் எயினி.

கண்ணை மட்டும் நம்பாத அழிசியார், உம் வயல், எருவே இடும் கோயில் வயல், எயினியின் வயல் மூன்றிலும் மண் எடுத்து, உலர்த்தி, ஒரே எடையாய்க் குயவர் சூளையில் வறுத்தார். “தாளிக்கக் கடுகு அனுப்பட்டுமா?” என்று நீர் கேட்டதும் தேவியார் செவிக்கு வந்தது, அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

சிரித்தபின் கணக்கும் கேட்டார். தழையும் வைக்கோலும் மண்ணில் சேர்த்துவைத்த கரிச்சத்தே தீயில் புகையாய்ப் போகும். போன எடையே மண்ணின் சேமிப்பு. உம் மண்ணில் போவதற்கே அதிகமில்லை. கோயில் மண்ணும் எயினியின் மண்ணும் எடை நன்கு குறைந்தன. சென்ற அறுவடை நெல்லிலோ கோயில் வயல் பின்தங்க, எயினியின் வயல் மூன்றிலும் முந்தியது. ஆகவே உப்பும் பழியற்றது, எருவும் பழையதன்று. ஒன்றைக் கொடுத்து மற்றதைப் பிடுங்கியதே பிழை.

ஆதலின் கட்டளை இது. கீழ்க்கரை வைக்கோலில் பாதி உழவர் குழிக்கே சேர்க. வெடியுப்பு குறைந்த அளவில் தொடர்க. உம் கொட்டடிச் சாணம் முழுவதும் வெளிறிய வயல்களுக்குச் செல்க. எயினியின் வயல் இன்றே அவள் கைக்குத் திரும்புக.

ஓலை கொணரும் அழிசியார் உம் விருந்தினர். ஆயினும் எயினி தன் முதல் நாற்றுமுடியை அவ்வயலில் நடும்வரை, உம் வீட்டில் ஒரு வாய்த் தண்ணீரும் அருந்தாதிருக்க ஆணை பெற்றுள்ளார். அவர் பசி தாங்காதவர், வேளாரே, விரைக.

கயல் முத்திரை இட்டோம். நாடும் நெல்லும் நிலைபெறுக.