தலையாட்டினால் நம்பாதே

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே மூன்று பேருக்கும் காய்ச்சல், சளி என்று எதுவும் கிடையாது, அந்த மட்டில் நலம்தான். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, ஒழுங்காகத் தூங்கி, உடம்பைக் கெடுத்துக்கொள்ளாமல் இருக்க வேண்டும், அதுதான் எனக்குக் கேட்க ஆசை. தினம் போனில் பேசுகிறவள் எதற்குப் பேனாவைத் தூக்கினாள் என்று நினைப்பாய். போனில் அப்பா பக்கத்திலேயே நிற்கிறார், உன் தங்கச்சி கதவுக்குப் பின்னால் நிற்கிறாள், பாதியிலேயே பேச்சை மாற்ற வேண்டியிருக்கிறது. போன வாரம் நீ தங்கச்சியைப் பற்றிச் சிரித்துக்கொண்டே, "குண்டூசிக்கு இப்ப அண்ணன் வேண்டாமாம்மா, போனைக் குடுத்தா ரெண்டு தடவை ம்ங்கறா, வெச்சுடறா" என்று சொன்னாய். சிரித்தாலும் உனக்கு அது எங்கே தைத்தது என்று எனக்குத் தெரியும். அது கோபம் இல்லை கண்ணா. அது என்ன என்று நாங்கள் எப்படித் தெரிந்துகொண்டோம் என்பதைத்தான் எழுதப்போகிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுமையாகப் படி.

நீ கிளம்பி எட்டு மாதம் ஆகிறது. மூன்றாவது வாரமே வகுப்பு டீச்சர் நோட்டில் எழுதி அனுப்பினார், சொன்னதைச் செய்வதில்லை, கூப்பிட்டால் திரும்புவதில்லை என்று. அண்ணன் போன ஏக்கம், தானே சரியாகிவிடும் என்று விட்டுவிட்டோம். அப்புறம் ஒரு நாள் மேஜை மேல் இருந்த குடையை எடுத்து வரச் சொல்லியிருக்கிறார், இவள் மூலையில் கிடந்த குப்பைக் கூடையைத் தூக்கிக்கொண்டு போய் நின்றிருக்கிறாள், முப்பத்தைந்து பிள்ளைகளும் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார்கள். அன்றைக்குப் பிறகு வகுப்பில் வாயைத் திறப்பதையே விட்டுவிட்டாள். வீட்டில் மிக்சி போட்டால் காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கடியில் போய்விடுவாள். சட்டைக் கழுத்தில் தைத்திருக்கும் லேபிளை எல்லாம் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்தாள், ஒரு சீருடையில் கோலிக்குண்டு அளவுக்கு ஓட்டையே போட்டுவிட்டாள், ஏன்டி என்றால் "முள்ளு மாதிரி குத்துதும்மா" என்றாள். நான்கு வேலை சேர்த்துச் சொன்னால் ஒன்றைச் செய்துவிட்டு நடுக்கூடத்தில் விழித்துக்கொண்டு நிற்பாள். டிவி ஓடும்போது கூப்பிட்டால் சுவரைக் கூப்பிட்ட கதைதான். "காதைக் கழட்டி அடுப்படியில வெச்சிட்டியா" என்று அப்பா கத்துவார். அவர் குரல் உனக்குத் தெரியுமே, பார்சல் வண்டி ஓட்டி ஓட்டி, வண்டிக்குள் பேசுகிற குரலிலேயே வீட்டுக்குள்ளும் பேசுவார். அவர் கத்தக் கத்த இவள் முகம் ஒன்றுமே எழுதாத காகிதம் மாதிரி ஆகிவிடும். எனக்கு அதைப் பார்த்தால்தான் பயமாக இருக்கும். எட்டு வயதுப் பிள்ளை அழ வேண்டும், இல்லை எதிர்த்துப் பேச வேண்டும், இரண்டும் இல்லாமல் அப்படியே இருப்பாள்.

காது டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனோம். மணிச் சத்தம் கேட்டால் கையைத் தூக்கு என்றார்கள், எல்லாவற்றுக்கும் தூக்கினாள். காது சுத்தமாகக் கேட்கிறது, ஒரு குறையும் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். அந்தச் சீட்டுதான் எங்களைக் கெடுத்தது. கேட்கிறது என்றால் வேண்டுமென்றேதானே செய்கிறாள் என்று அப்பா முடிவு கட்டிவிட்டார், நானும்தான். ஒரு சாயங்காலம் அடுப்பை அணைக்கச் சொன்னேன், இவள் தலையாட்டிவிட்டு ஜன்னலைச் சாத்திவிட்டுப் போனாள், பாத்திரம் தீய்ந்து புகை கிளம்பிவிட்டது. நான் கை நீட்டிவிட்டேன். ஒரு அடி இல்லை, மூன்று அடி. உன்னிடம் மறைக்க மாட்டேன். அவள் திருப்பித் திருப்பி, "சரியாத்தானேம்மா செஞ்சேன்" என்றாள். அன்றிலிருந்து எனக்கு ஒரே நினைப்பு, ஏதோ வரப்போகிறது, இது இத்தோடு நிற்காது என்று.

வந்தது. பள்ளியில் தீப்பிடித்தால் எப்படி வெளியே வர வேண்டும் என்று ஒரு நாள் பழக்கினார்கள். சங்கு ஊதும், யாரும் மாடிக்குப் போகக்கூடாது, மைதானத்துக்கு வரிசையாக வர வேண்டும் என்று மைக்கில் சொல்லியிருக்கிறார்கள். ஊதின சங்கு நிற்கவில்லை, பொத்தான் சிக்கிக்கொண்டது. நான் வேலை பார்க்கிற பாட்டில் ஆலைக்கும் பள்ளிக்கும் நடுவில் ஒரே தெருதானே, அந்த ஊளை எங்கள் இயந்திரச் சத்தத்தையும் தாண்டி வந்தது. பள்ளி வாட்ச்மேன் எங்கள் கேட்டுக்கு ஓடி வந்து, எண்ணிப் பார்த்ததில் உங்க பொண்ணை மட்டும் காணோம் என்றார். நான் வேலைத் தொப்பியோடு ஓடினேன். மைதானத்தில் எல்லாரும் மேலே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவள் மொட்டை மாடியில் இருந்தாள். மாடிக்குப் போகக்கூடாது என்றதில் மாடி என்ற ஒரு சொல்தான் அவளுக்குக் கிடைத்திருக்கிறது. சங்கைக் கட்டி வைத்திருப்பதும் அந்த மாடியில்தான். அதனிடமிருந்து தள்ளிப் போகத் தள்ளிப் போக, கடைசியில் கைப்பிடிச் சுவரைத் தாண்டி வெளிப்பக்க விளிம்பில் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சுவரைப் பிடிக்கக் கை இல்லை கண்ணா, இரண்டு கையும் காதில் இருந்தது.

நான் மாடிக்குப் போனபோது எனக்கு முன்னால் போன வாட்ச்மேன் அவள் முதுகுக்குப் பின்னால் நின்று, "நகராதே, நகராதே" என்று கத்திக்கொண்டிருந்தார். அவள் நகர்ந்தாள். நகரு என்றுதான் கேட்டிருக்கிறாள், சொன்னதைச் செய்தாள். ஒரு சாண் நகர்ந்தாள். நான் வாட்ச்மேன் வாயைப் பொத்தினேன். எப்படி எனக்கு அந்த நேரத்தில் தோன்றியது என்று தெரியவில்லை, பதினான்கு வருஷம் பேச்சே கேட்காத ஆலைக் கூடத்தில் வேலை பார்த்த பழக்கமாக இருக்கலாம். அங்கே நாங்கள் முதுகுக்குப் பின்னால் யாரையும் கூப்பிட மாட்டோம், முன்னால் போய் நின்றுதான் கை காட்டுவோம். நான் சுவரோரமாக நடந்து அவள் கண்ணில் படுகிற இடத்துக்குப் போய், உள்ளங்கையைத் தூக்கிக் காட்டினேன். அப்படியே உறைந்தாள். அதற்குள் கீழே யாரோ மின் இணைப்பையே பிடுங்கிவிட்டார்கள், சங்கு நின்றது. நான் தரையில் உட்கார்ந்து, பக்கத்தில் தட்டிக் காட்டினேன். காதிலிருந்து கையை எடுத்து, சுவரைப் பிடித்து, ஒவ்வொரு காலாக உள்ளே போட்டு வந்து என் மடியில் விழுந்தாள். அப்போதுதான் சொன்னாள், "அண்ணன் இருந்தா அவங்க என்ன சொல்றாங்கன்னு எனக்குச் சொல்லியிருப்பான்."

அந்த ஒரு பேச்சை எடுத்துக்கொண்டுதான் பெரிய ஆஸ்பத்திரியில் கேட்கும் திறனைச் சோதிக்கிற அம்மாவிடம் போனோம். கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, ஹெட்போன் மாட்டி, முதலில் அமைதியில் இருபது சொல் கொடுத்தார், இருபதையும் திருப்பிச் சொன்னாள். அதே மாதிரி இருபது சொல்லைச் சந்தை இரைச்சலுக்கு நடுவில் கொடுத்தார், ஏழுதான் சொன்னாள். அப்புறம் ஒரு காதில் ஒரு சொல், மறு காதில் வேறு சொல், இரண்டும் ஒரே நேரத்தில். அதில் அவள் என்னைக் கண்ணாடி வழியே பார்த்த பார்வை இருக்கிறதே, அதை நான் எழுத மாட்டேன். அந்த அம்மா அப்பாவிடம் சொன்னார், "காதுல விழுது சார். விழுந்ததைப் பிரிச்சு எடுக்கத்தான் அவ மூளைக்கு நேரமாகுது. நீங்க மூணாவது வார்த்தைக்குப் போகும்போது அவ முதல் வார்த்தையிலயே நிக்கறா. சத்தமும் துணி உரசறதும் மத்தவங்களைவிட அவளுக்கு அதிகமாத் தெரியுது. திமிர் இல்ல." அப்பா வீட்டுக்கு வந்து டிவியை அணைத்தார், நாற்காலிக் கால்களுக்கெல்லாம் துணி வெட்டி ஒட்டினார், அப்புறம் மாடிப்படியில் போய்த் தனியாக உட்கார்ந்துகொண்டார். நீ என்ன செய்துகொண்டிருந்தாய் என்று அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. கூப்பிடுவதற்கு முன் அவள் தோளைத் தொடுவாய், குனிந்து முகத்துக்கு நேராகப் பேசுவாய், நாங்கள் நீட்டி முழக்கியதைச் சுருக்கி ஒவ்வொன்றாகச் சொல்வாய், மிக்சி போடப்போகிறேன் என்று சைகை காட்டிவிட்டுப் போடுவாய். செல்லம் கொடுத்துக் கெடுக்கிறான் என்று உன்னைத் திட்டினோமே.

இப்போது நாங்களும் அப்படித்தான் பேசுகிறோம். பள்ளியில் முதல் வரிசையில், மின்விசிறிக்குத் தள்ளி உட்கார வைத்திருக்கிறார்கள், வீட்டுப்பாடத்தைப் பலகையில் எழுதிப் போடுகிறார்கள். கொஞ்சம் பேசுகிறாள், நேற்று என்னோடு சண்டைகூடப் போட்டாள், அப்பாவுக்கு அதில் ஒரே சந்தோஷம். ஆனால் அந்த ஆஸ்பத்திரி அம்மா ஒன்று சொல்லி அனுப்பினார், அவள் தலையாட்டினால் நம்பாதீர்கள், திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள் என்று. திட்டு வாங்கி வாங்கி, புரிந்தாலும் புரியாவிட்டாலும் ஆமாம் என்று தலையாட்டப் பழகிவிட்டாளாம். அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, போன செவ்வாய்க்கிழமை வரைக்கும். அன்றைக்குப் பள்ளி விட்டு நான் போக ஐந்து நிமிஷம் தாமதம். கேட்டில் அவள் இல்லை. பேருந்து நிறுத்தத்துப் பக்கம் யாரோ ஒரு ஆளோடு நடந்து போய்க்கொண்டிருக்கிறாள். எதிரே பேனா பென்சில் கடை வைத்திருக்கும் பெண் பார்த்துவிட்டு இறங்கி ஓடி, இந்தப் பொண்ணு உங்களுக்கு என்ன வேணும் என்று மறித்திருக்கிறாள். வழி தெரியாம நின்னுச்சு, வீட்டுல விடலாம்னு பார்த்தேன் என்றாராம் அந்த ஆள். நான் ஓடிப் போய்ச் சேர்வதற்குள் வந்த பேருந்தில் ஏறிப் போய்விட்டார். நல்லவரோ, கெட்டவரோ, எனக்குத் தெரியாது. அவர் என்னடி சொன்னார் என்று கேட்டேன். "பாதி புரியலம்மா, தலையாட்டினேன்" என்றாள். புரியாமல் ஏன் போனாய் என்றால், "அண்ணன் மாதிரி தோளைத் தொட்டு, குனிஞ்சு, மெதுவா பேசினாரு" என்கிறாள்.

அவளிடம் நிதானமாகப் பேசுகிறவர்கள் எல்லாரும் அவளுக்கு அண்ணன் ஆகிவிட்டார்கள். எங்களிடம் அவளுக்கு இன்னும் பயம், அடித்த கை அவ்வளவு சீக்கிரம் மறக்காது. புரியலை, இன்னொரு தடவை சொல்லுங்க என்று சொல்லிப் பழகச் சொல்கிறோம், சுவரைப் பார்த்துச் சொல்கிறாள், மனிதர் முகத்தைப் பார்த்துச் சொல்ல மாட்டேன் என்கிறாள். உன்னிடம் சொல்வாள். அதனால் இனிமேல் வெறும் போனில் அவளோடு பேசாதே, போனில் உன் குரல் அவளுக்கு இரைச்சலோடு இரைச்சலாகத்தான் கேட்கிறது, பாவம், என்ன சொல்வாள். வீடியோவில் வா, அறையில் யாரும் இல்லாத நேரமாக, முகத்தில் வெளிச்சம் விழ உட்கார்ந்து பேசு. வேண்டுமென்றே அவசர அவசரமாக ஒன்றைச் சொல், அவள் தலையாட்டினால் விடாதே, புரியலை என்று சொல்லும் வரை காத்திரு, சொன்னால் கைதட்டு. யார் அழைத்தாலும் அம்மா அப்பா முகம் பார்க்காமல் ஓரடி வைக்கக்கூடாது என்பதையும் நீயே சொல், ஒரே ஒரு வாக்கியமாகச் சொல்.

அடுத்த வாரம் வியாழக்கிழமை பள்ளியில் மறுபடி சங்கு ஊதப்போகிறார்கள். ஒரு பிள்ளைக்காக அதை நிறுத்த முடியாது என்று தலைமை ஆசிரியை சொல்லிவிட்டார், முன்கூட்டியே அவளிடம் சொல்லி வைக்கவும், டீச்சர் கையைப் பிடித்து அழைத்து வரவும் மட்டும் ஒத்துக்கொண்டார். அந்த டீச்சர் அந்த வாரம் விடுப்பு என்று நேற்றுத்தான் தெரிந்தது. நான் ஆலைக்கு லீவு சொல்லிவிட்டேன். சங்கு ஊதும்போது அவள் கண்ணுக்கு எதிரே நான் நிற்பேன். அதற்கு அப்புறம் எத்தனை இடத்தில், எத்தனை வருஷம் இப்படி எதிரே நிற்க முடியும் என்று யோசிக்க ஆரம்பித்தால் சோறு இறங்கவில்லை.

உனக்கு ஒரு குறையும் வராமல், போன இடத்தில் பேர் சொல்ல வாழ வேண்டும், நீ தொட்டதெல்லாம் நன்றாக வர வேண்டும் என்று அப்பாவும் நானும் மனதார வாழ்த்துகிறோம். புதன்கிழமை சாயங்காலம் வீடியோவில் வர மறக்காதே, வியாழக்கிழமைக்கு முன்னால் அவள் உன் முகத்தைப் பார்க்க வேண்டும்.

உன் அன்பு அம்மா