பத்தாவது ஆள்

12-1-2004, திங்கள்

கடுங்குளிர். கார்க் கண்ணாடியில் ஐஸ் சுரண்டவே கால் மணி. ஆபீசுக்கு லேட்.

எதிர் அபார்ட்மென்ட் ஹெலன் அட்லர் ஆன்ட்டியை இன்று அடக்கம் செய்தார்கள். மனசே சரியில்லை. நாங்கள் பிளெய்ன்ஸ்பரோ வந்த முதல் வாரம் லாண்டரி ரூமைக் காட்டித் தந்தவர்.

யூதர்களுக்கு ஏழு நாள் துக்கம், வீட்டிலேயே. சாயங்காலம் தொழுகை. பத்து யூத ஆண்கள் சேர்ந்தால்தான் இறந்தவருக்கான பிரார்த்தனையை, துஆவைச் சொல்லலாமாம். இன்று பதினைந்து பேர்.

வாங்க: ஆரஞ்சு, பேரீச்சை (சமைத்தது வேண்டாம், நம் ஹலால் மாதிரி அவர்களுக்கும் சட்டம் உண்டு). ஹீட்டர் ரிப்பேருக்கு போன்.

13, செவ்வாய்

பழம் கொடுத்தேன். மகள் ரூத் கதவைத் திறந்தாள். என் வயசு. துக்கத்துக்காக அப்பாவும் மகளும் ஒரே வீட்டில், ஆனால் பேச்சில்லை.

கிச்சனில் வைத்துச் சொன்னாள். ஆறு வருஷம் முன்பு அவர்கள் தொழுகைப் பள்ளியில் பெண்களையும் பத்தில் சேர்த்து எண்ண ஆரம்பித்தார்களாம். அவள் அப்பா, அட்லர் அங்கிள், சண்டை போட்டு விலகிவிட்டார். ரூத் பள்ளியின் பக்கம். அன்றிலிருந்து பிறந்தநாள் வாழ்த்தோடு சரி. ஆனால் ஆன்ட்டி மவுத்து என்றதும் முதலில் ஓடி வந்தது அந்தப் பள்ளிக்காரர்கள்தான். "வெளியாட்களுக்குப் பயந்து பயந்தே சேர்ந்திருக்கப் பழகிட்டோம்" என்றாள். சொல்லும்போது முகத்தில் சந்தோஷம் இல்லை.

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "நம்மாளு மட்டும் என்னவாம்? பெருநாளுக்குப் பிறை பார்க்கிறதுல அடிச்சுக்கிட்ட ரெண்டு கோஷ்டியும் 2001 செப்டம்பருக்கு அப்புறம் ஒரே வரிசையில நின்னாங்கல்ல?" என்றார். உண்மைதான். அடுத்த பெருநாளுக்கு மறுபடி அடித்துக்கொண்டதை அவர் சொல்லவில்லை.

14, புதன்

மத்தியானத்திலிருந்து ஸ்னோ. ரோடு மோசம். ஆறு மணிக்கு, துக்கத்துக்கு வந்த ஒருவரின் கார் பார்க்கிங்கில் பனியில் சிக்க, என் வீட்டுக்காரர் போய்த் தள்ளிவிட்டார். எங்களையும் உள்ளே கூப்பிட்டார்கள்.

அங்கிள் எண்ணினார், "ஒன்றில்லை, இரண்டில்லை" என்று. மனிதர்களை நேராக எண்ணக் கூடாதாம். ஒன்பதில்லையோடு நின்றுவிட்டது.

இவர் நெஞ்சை நிமிர்த்தி, "அங்கிள், நான் இருக்கேனே! பத்து!"

என் மானமே போயிற்று. அங்கிள் சிரித்துவிட்டார், மூன்று நாளில் முதல் தடவை. "தேங்க்யூ, உட்கார்" என்றார்.

அரை மணி காத்திருந்தோம். யாரும் வரவில்லை. இன்றைக்கு துஆ இல்லாமலே முடித்துவிடலாம் என்றார் ஒருவர். ரூத் கதவோரம் நின்றாள், எதுவும் கேட்காமல். வாப்பா மவுத்தான அன்று பெற்ற மகள் நானும் இப்படித்தான் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். காயல்பட்டினத்தில் அடக்கம் முடிந்த பிறகுதான் எனக்குச் சொன்னார்கள். இன்னும் ஆறவில்லை.

அங்கிள் ரூத்தைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "போலந்தில் எங்களை முகாம் ரயிலில் ஏற்றும்போது தலை எண்ணினார்கள். அம்மாவையும் எண்ணினார்கள், அக்காவையும் எண்ணினார்கள். யாரையும் விடவில்லை. இந்த வீட்டில் நான்தான் ஒருத்தியை விட்டுக்கொண்டிருக்கிறேன். ரூத், வா."

தாடிக்காரர் ஒருவர் விருட்டென எழுந்து கிச்சனுக்குப் போய்விட்டார். மறுபடி ஒன்பது! யா அல்லாஹ். ரூத் பாதி வழியில் நின்றுவிட்டாள்.

கிச்சன் வாசலிலிருந்து தாடிக்காரர் குரல்: "இதில் எனக்குச் சம்மதம் கிடையாது. அதற்காக ஹெலனை விட்டுவிட்டுப் போக மாட்டேன். இங்கேயே நிற்கிறேன். என்னையும் சேர்த்துக்கொள்."

துஆவில் ரூத்தின் குரல்தான் ஓங்கியது. அங்கிளால் பாதிக்கு மேல் முடியவில்லை, அவள் விடாமல் முடித்தாள். ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை, ஆனாலும் அழுதேன். அப்பாடா.

15, வியாழன்

வெயில். ரோடு சுத்தம். ஹீட்டர் ஓகே. தயிர் தீர்ந்துவிட்டது.

சாயங்காலம் போனோம். ஆண்கள் மட்டுமே பதினான்கு பேர். இன்றைக்கு ரூத் தேவையே இல்லை. அவளும் கதவோரம் போய் நின்றாள்.

அங்கிள் எழுந்தார். அத்தனை ஆண்களையும் தாண்டிக் கதவுப் பக்கம் திரும்பி, அவளிடமிருந்து எண்ண ஆரம்பித்தார்.