ரம்புத்தான் கன்றுக்குக் கால் குளிர்கிறது

ஜாசின்
12.8.1951

அன்பு மகள் பவளத்துக்கு அம்மா எழுதுவது. உங்கப்பாவின் இருமலையும் சேர்த்து இங்கே எல்லோரும் சுகம். ஆத்தா அருளால் நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றில் உதைக்கிற ஆளும் சுகமாக இருக்கவேண்டும்.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன், எழுத்துக் கூட்டிப் படிக்கிறவளுக்கு அது மூன்று நாள் வேலை. கல்யாணமாகிப் போகும்போது நான் கொடுத்தனுப்பிய ரம்புத்தான் கன்று எட்டு மாதமாக ஒரு இலைகூட விடவில்லை, பிள்ளைக்குக் கெட்ட சகுனமோ என்று அழுததாக எழுதியிருக்கிறாய். அடி பைத்தியமே, கேமரன் மலையில் நீயே கம்பளியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய், அதற்கு மட்டும் கால் குளிராதா? வேர் இருக்கிற மண் சில்லென்று இருந்தால் எவ்வளவு ஊற்றினாலும் அது குடிக்காது, சுருண்டுதான் கிடக்கும். என் புத்தியும் அப்படித்தான், நம் மண் இருந்தால் பிழைத்துக்கொள்ளும் என்று வடிவேலு அண்ணன் லாரியில் ஒரு டின் மண் அனுப்பினேனே, நம் மண்ணும் அங்கே வந்தால் குளிர்ந்துதானே போகும். அந்த டின்னை எங்கள் வேலி கேட்டில் காவலுக்கு நிற்கிற மாயாண்டி, என்னாக்கா, காட்டுல துப்பாக்கியோட இருக்கறவங்களுக்கு அடியில அரிசி ஒளிச்சி வச்சிருக்கியா என்று கம்பியால் குத்திக் குத்திப் பார்த்தான். நல்லாத் தோண்டுலா, மண்புழு கெடைக்கும், கறி ஆக்கித் தின்னு என்றேன்.

இங்கே கதை நேர்மாறு. காட்டுக்காரர்களுக்குச் சோறு போகக்கூடாதென்று வெள்ளைக்காரன் எங்களைக் கொண்டுவந்து போட்ட முள்வேலிக்குள் ஒரு மரம் இல்லை, புல்டோசர் வழித்துவிட்ட மண் உச்சிவெயிலில் தோசைக்கல். பழைய லயத்து வீட்டு வாசலில் நீ ஏறி விழுந்த ரம்புத்தான் மரம் வேலிக்கு வெளியே தனியாகக் காய்த்து நிற்கிறது, ரப்பர் பால் வெட்டப் போகும்போது பார்ப்பேன், உன்னைப் பார்த்த மாதிரி இருக்கும். அதன் கொட்டை இரண்டு கொண்டுவந்து போட்டேன். வெறும் மண்ணில் போட்டது முளைத்த வேகத்தில் வெந்து போயிற்று, லாலான் புல்லை வெட்டி மூடி வைத்தது நாலு இலை விட்டிருக்கிறது. இரண்டும் ஒரே மரத்துக் கொட்டை, இதில் சகுனம் எங்கே வந்தது? புல்லுக்கடியில் கையை விட்டுப் பார்த்தேன், தூங்கி எழுந்த உன் கன்னம் மாதிரி இளஞ்சூடு.

நீ கன்றைப் பெயர்த்து மண்ணெண்ணெய் டின்னில் வைத்து அடுப்புச் சுவர் ஓரமாக வை, வெயில் அடித்தால் வெளியே எடு, தண்ணீரை வெதுவெதுப்பாக ஊற்று. மாப்பிள்ளைக்கும் அப்படியே செய், அவரும் ஒரு சாண் வளரட்டும். அதற்கும் கன்று இலை விடாவிட்டால் போகட்டும், அது மலையில் வளர்கிற சாதி இல்லை, நீ அழக்கூடாது.

தலைப்பிரசவத்துக்கு உன்னை இங்கே கூட்டிவர வேண்டியது நான்தான். ரோட்டில் சுடுகிறார்கள், வயிற்றோடு அனுப்பமாட்டேன் என்று மாப்பிள்ளை சொன்னது சரி. அதனால் வேலியை விட்டு வெளியூர் போக ஆபீசில் பாஸ் கேட்டிருக்கிறேன், கார்த்திகைக்கு முன்னால் நானே வருகிறேன். உங்கப்பாதான் என்னை நினைத்துப் பயப்படுகிறார், பயப்படட்டும். உன் காலுக்கு யார் புல் மூடுவது?

மகராசியாக இரு, சுகமாகப் பெற்றெடு. டின்னுக்கு அடியில் ஓட்டை போட மறக்காதே, அடுப்போரம் வைக்கும்போது பக்கத்தில் எனக்கும் ஒரு பாய் விரிக்க இடம் விட்டு வை.

உன் அம்மா
வேலாயி